அடுப்போரத்தில் கழுவிய பிலிம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் விறகறையில் நான்கு பேர் இருந்தோம். பிலிம் கழுவும் மருந்துத் தட்டுகளை வரிசையாக வைத்த பலகைக்கு முன்னால் நான். எனக்கு இடப்பக்கம், கவிழ்த்த கூடையின்மேல் என் மனைவி மருதாத்தாள், மடியில் டைம்பீஸ். விறகுக் கட்டின்மேல் பக்கத்து வீட்டு சௌதா. அவள் கணவர் சைனுதீன், எங்கள் மலையூர் சித்திரபுரத்தின் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில். அகலமான முதுகு. கதவிடுக்கில் வெளிச்சம் நுழையாமலிருக்க அதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது. ஜன்னலுக்குக் கம்பளி போட்டிருந்தோம். விளக்குக்கு அவர் கடைச் சிவப்புத் துணி, இரண்டு மடிப்பு.

இத்தனைக்கும் காரணம் என் மாமனார் ரத்தினசாமியின் கடிதம். மருதாத்தாள் காய்ச்சலில் கிடந்தபோது பார்த்துவிட்டுப் போன உறவுக்காரர் ஒருவர், அவர் ஊரான கொழிஞ்சாம்பாறையில் போய், 'பொண்ணு ஈர்க்குச்சியாட்டம் ஆயிட்டா' என்று சொல்லிவிட்டார். 'மலைத்தண்ணீர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வரும் வெள்ளிக்கிழமை வந்து அழைத்துப் போகிறேன். தை பிறந்தபின் பார்க்கலாம்' என்று மாமனார் எழுதியிருந்தார். இது ஆனி மாதம். மருதாத்தாள் தேறி, பழைய வளையல் ஏறாத அளவுக்குச் சதை பிடித்து ஒரு மாதமாகிறது. அவளுக்குப் போக மனமில்லை, எனக்கு அனுப்ப மனமில்லை. எழுத்தில் சொன்னால் மாப்பிள்ளை பேச்சு என்று ஒதுக்கிவிடுவார். படத்தை ஒதுக்க முடியாது. பிலிமைக் கோயமுத்தூருக்கு அனுப்பிக் கழுவி வாங்கப் பதினைந்து நாளாகும். ஆகையால் காலையில் என் பெட்டிக் காமிராவில் எட்டுப் படமும் அவளையே எடுத்து, வீட்டிலேயே கழுவ உட்கார்ந்தோம்.

பிலிமை நடுவில் கத்தரித்தேன். ஒரு பாதி கெட்டால் மறுபாதி மிஞ்சும். ஊரில் சித்தப்பா மகனிடம் கற்று நோட்டில் எழுதி வைத்திருந்த முறை இது: உருவத்தை எழுப்பும் டெவலப்பர் மருந்துத் தட்டைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கு, ஏழு நிமிடம். சமவெளியின் அந்த வெயிலில் அப்படிச் செய்யாவிட்டால் பிலிமின் பூச்சு கூழாகி வழிந்துவிடும். நோட்டில் உள்ளபடியே ஓடைத் தண்ணீரை அண்டாவில் நிரப்பித் தட்டை இறக்கினேன். பிலிமின் இரு நுனியையும் பிடித்து மருந்துக்குள் மாற்றி மாற்றி இழுத்தேன்.

"ஏழு ஆச்சுங்க" என்றாள் மருதாத்தாள்.

உருவத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ மருந்தில் போட்டெடுத்து விளக்கருகே பிடித்தேன். மூச்சுப் பட்ட கண்ணாடிபோல் ஒரு மங்கல், வேறொன்றுமில்லை.

சைனுதீன் கதவை விடாமலே கழுத்தை நீட்டினார். "என்னா கிளார்க்கு சார், தங்கச்சி எங்கே? பொகை மட்டுமில்ல நிக்குது!"

"இதை அனுப்புனா அவங்க அத்தா வெள்ளிக்கெழமைக்கெல்லாம் காத்திருக்க மாட்டாரு. நாளைக்கே வந்துருவாரு" என்றாள் சௌதா.

நோட்டைத் திரும்பவும் படித்தேன். ஒரு வரியும் விடவில்லை.

மருதாத்தாள் அண்டாவுக்குள் விரலை விட்டு வெடுக்கென்று எடுத்தாள். "ஏனுங்க, இந்தத் தண்ணி வெரலையே வெறைக்க வெக்குது. இந்த ஊருல பாலுக்கு ஒறை ஊத்துனா அடுப்போரத்துல வெச்சாத்தானுங்க தயிராவுது. உங்க மருந்துக்கு மட்டும் குளுரு கேக்குதாக்கும்?"

நோட்டில் 'குளிர்ந்த' என்ற சொல்லுக்கு அடிக்கோடு வேறு போட்டு வைத்திருந்தேன்.

"வேணும்னா இதையும் எழுதிக்குங்க, அப்பறம் கழுவலாம்" என்றாள். சௌதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மீதிப் பிலிமைக் கறுப்புத் தாளில் சுற்றி வைத்தேன். சைனுதீன் கதவைத் திறந்துவிட, மருதாத்தாள் வெந்நீர் கொண்டுவந்து விளாவி, முழங்கையால் சூடு பார்த்தாள். மறுபடி கதவு, மறுபடி அந்த முதுகு. இந்தத் தடவை நான்காம் நிமிடத்திலேயே உருவம் திட்டமாக எழுந்தது.

"அல்லா, மூஞ்சி கரிக்கட்டையால்ல இருக்கு!" என்றாள் சௌதா.

"பிலிமில் அப்படித்தான். தாளில் போட்டால் கறுப்பு வெளுப்பாக மாறிவிடும்" என்றேன். இப்போது என்னாலும் சிரிக்க முடிந்தது.

அடுப்புக்கு மேலே, எட்டத்தில் கொடி கட்டி உலர்த்தினோம். சாயங்காலத்துக்குள் நான்கும் தாளில் வந்துவிட்டன. மூன்றில் மருதாத்தாள் கைகட்டி, மூச்சடக்கி நிற்கிறாள். நான்காவதில் வாய் திறந்திருக்கிறது, புருவம் ஏறியிருக்கிறது, ஒரு கை என்னை நோக்கி நீண்டிருக்கிறது. 'பொட்டிய ஆட்டாமப் புடிங்க' என்று அவள் அதட்டியபோது விழுந்தது. கன்னம் உப்பலாக, கை திரட்சியாக, எல்லாம் தெளிவாக இருந்தது. ஆனாலும் மாமனாருக்கு அனுப்பும் படமா அது? கைகட்டியதை எடுத்து உறைக்குள் வைக்கப் போனேன்.

அவள் பிடுங்கிக்கொண்டாள். "இதப் பாத்தா, பயந்து போயி நிக்கறான்னு எங்கய்யன் அழுவாரு. அத வெய்யுங்க. நான் சத்தம் போடறதப் பாத்தாத்தான் புள்ள சொகமா இருக்கறான்னு நம்புவாரு."

சைனுதீன் தலையாட்டினார். "தங்கச்சி சொல்றது ஞாயம். எளைச்சவளுக்கு இந்தத் தொண்டை வராது."

கடிதத்தை எழுதி வாசித்துக் காட்டினேன். படம் இன்று காலை பத்து மணிக்கு எடுத்தது, படத்தில் அவள் என்னிடம்தான் பேசுகிறாள், வெள்ளிக்கிழமை தாங்கள் அவசியம் வர வேண்டும் என்று எழுதியிருந்தேன்.

"எதுக்கு வரோணும்னு எழுதுனீங்களா?" என்றாள் மருதாத்தாள்.

"இல்லை."

"பாத்துட்டு, நாலு நாள் இருந்து சாப்பிட்டுட்டுப் போக."

அவள் சொன்னதை அப்படியே சேர்த்தேன். நான்காவது படத்தைத் தாளின் மடிப்பில் வைத்து, சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டி, விளிம்பை நகத்தால் இருமுறை தேய்த்தேன். திங்கட்கிழமை காலை தபால் பை கட்டுவதற்கு முன்பே அது பெட்டிக்குள் விழுந்தது.