யாக்கோப் கெம்மர்லிங் போட்ட கீறல்

ரோட்டன்வைலரிலிருந்து வந்த கடிதத்தை மூன்று தடவை படித்து முடித்ததும் வெர்னா கெம்மர்லிங் அதை நான்காக மடித்து, மாவு டப்பாவுக்குப் பின்னால் செருகி வைத்தாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் சமையல் பார்த்தவள். யார் சட்டைக்குள் ரொட்டியை ஒளித்தாலும் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் அறுபத்தொரு வயதில் தானே ஒரு காகிதத்தை ஒளித்துவிட்டு, அடுப்படியில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குத் தம்பி எல்வுட் வந்தான். சாலைக்கு அந்தப் பக்கம் பன்றிப் பண்ணை வைத்திருந்தான். மனைவி இறந்ததிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இங்கேதான்.

ஒரு வாய் எடுத்துவிட்டுத் தட்டைப் பார்த்தான். "என்ன, இன்னிக்கு உருளைக்கிழங்கு மேல கோவமா? உப்பே போடல."

"மறந்துட்டேன்."

"நீயா? உப்பையா?" அவன் மேஜை ஓரத்தில் கிடந்த நீல உறையைக் கரண்டியால் தட்டினான். "ஜெர்மனித் தபால்தலை ஒட்டியிருக்கு. கடுதாசி எங்க? ஒளிச்சவ உறையையும் சேத்துல்ல ஒளிச்சிருக்கணும்? திருட்டுத்தனத்துக்கும் பழக்கம் வேணும், வெர்னா."

அவள் எழுந்துபோய்க் கடிதத்தை எடுத்து வந்து, அவன் எதிரே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எல்வுட்டுக்கு வீட்டில் பேசுகிற பழைய ஜெர்மன் தெரியும், படிக்கத் தெரியாது. விஷயத்தை அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஆறு வருஷமாக வெர்னா குடும்ப வரலாற்றைத் தோண்டிக்கொண்டிருந்தாள். பெர்க்ஸ் மாவட்டத்தில் எத்தனை கெம்மர்லிங் உண்டோ அத்தனை பேரும், 1751-ல் பிலடெல்பியாவில் கப்பலிலிருந்து இறங்கிய யோஹான் யாக்கோப் கெம்மர்லிங்கின் வழி வந்தவர்கள். அவர் 1754-ல் மரியா எலிசபெத்தைக் கல்யாணம் செய்து, ஒன்பது பிள்ளை பெற்று, மேட்டுக் கோயில் கல்லறையில் படுத்திருக்கிறார். வருகிற ஆகஸ்டு இரண்டாம் ஞாயிறு, வருஷாந்திரக் குடும்பக் கூடுகையின்போது அவருக்குப் புதுக் கல் நடுவதாக ஏற்பாடு. "யாக்கோப், அவர் அன்பு மனைவி மரியா எலிசபெத்" என்று கல்தச்சன் பாதி கொத்தியும் விட்டான். புத்தகத்துக்கு ஒரே ஒரு குறை, அவர் பிறந்த ஊர். போன வசந்தத்தில் அது ரோட்டன்வைலர் என்று தெரிந்ததும், அந்த ஊர்க் கோயிலுக்கு எழுதிப்போட்டாள். பதில் எழுதியவள் கெர்ட்ரூட் கெம்மர்லிங், தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

"அந்த ஊர்ல யாக்கோப்புக்கு ஏற்கெனவே பொண்டாட்டி இருந்திருக்கா," என்றாள் வெர்னா. "அன்னா பார்பரா. ரெண்டு பிள்ளைங்க. 'போய் வீடு வாசல் பாத்துட்டு ஆள் அனுப்பறேன்'னு சொல்லிட்டுக் கெளம்பினவர், அதுக்கப்பறம் ஒரு வரி எழுதல. அவ 1774 வரைக்கும் உயிரோட இருந்திருக்கா, எல்வுட். புருஷன் செத்த சேதி இல்லாம மறுகல்யாணம் பண்ணிவைக்க முடியாதுன்னு போதகர் சொல்லிட்டாராம். கெர்ட்ரூட் அந்த அன்னா பார்பரா வழி."

எல்வுட் மெல்லுவதை நிறுத்தினான். "அப்ப மரியா எலிசபெத்து?"

"அதத்தான் நானும் கேட்டுட்டிருக்கேன்."

"நாம எல்லாரும்..."

"வாயால சொல்லாத."

அவன் உப்பில்லாத கிழங்கைச் சத்தமில்லாமல் தின்றுவிட்டுப் போனான்.

வெர்னாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெயர் கெட்டது ஒரு பக்கம். அதைவிட அந்தப் பெண்தான் மனதைப் பிசைந்தாள். இருபத்து மூன்று வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டு, விதவையும் இல்லாமல் சுமங்கலியும் இல்லாமல். அதே நேரத்தில் இங்கே இந்த ஆள் தொட்டில் மேல் தொட்டிலாக ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஆறு வருஷமாக அவர் பெயரைப் பாசத்தோடு எழுதிய கைதானே என்று தன் கையையே வெறுப்போடு பார்த்தாள்.

சனிக்கிழமை காலை கிளேட்டன் வந்தான். பெரியப்பா மகன், கூடுகைக்குத் தலைவர். டிராக்டர் கடை வைத்திருந்தான். பேச்சும் அதே சத்தத்தில் இருக்கும். எல்வுட் விஷயத்தை உளறியிருந்தான்.

"கொளுத்திப் போடு," என்றான் கிளேட்டன், உட்காராமலே. "இருநூத்தி முப்பத்தாறு வருஷம் ஆச்சு. அந்தப் பொம்பள எந்திரிச்சு வந்து கேஸ் போடப் போறாளா? இருநூத்தம்பது பேர் வர்றாங்க வெர்னா. கல்லு முன்னாடி நின்னு என்ன சொல்லச் சொல்ற? 'எங்க தாத்தன் ஒரு ஓடுகாலி, எல்லாரும் சாப்பிட வாங்க'ன்னா?"

"பொய்ய கல்லுல கொத்தச் சொல்றியா?"

"பொய் சொல்லச் சொல்லல. கொஞ்சம் சும்மா இருன்னுதான் சொல்றேன்."

"அவ எழுதியிருக்கறத முழுசா கேளு. அப்பறம் கொளுத்தறதா வேணாமான்னு நீயே சொல்லு." வெர்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டே போனாள். கடைசிப் பத்தியில் கெர்ட்ரூடின் கசப்பு வெளிப்படையாகவே இருந்தது. "'அவர் இந்த ஊர் வாத்தியாரின் மகன். கோயில் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்து போட்டிருக்கிறார். அச்சடித்த மாதிரி அழகான எழுத்து. அப்படி எழுதத் தெரிந்தவருக்கு மனைவிக்கு ஒரு வரி எழுத மட்டும்...'"

நிறுத்திவிட்டாள்.

"என்ன? படி," என்றான் கிளேட்டன்.

"அழகான எழுத்து," என்றாள் வெர்னா. எழுந்து அடுத்த அறைக்கு ஓடினாள். பெட்டிகள் இழுபடும் சத்தம் கேட்டது. யாக்கோப்பின் உயில் நகலோடு திரும்பி வந்து மேஜையில் விரித்தாள். 1789-ஆம் வருஷம். கடைசியில், எழுத்தர் எழுதிய "யாக்கோப் கெம்மர்லிங்" என்ற பெயருக்கு நடுவே, ஏணி மாதிரி ஒரு கீறல்: நெட்டாக இரண்டு கோடு, குறுக்கே மூன்று. "அவருடைய அடையாளம்" என்று பக்கத்தில் குறித்திருந்தது.

"நம்மாளுக்கு எழுதத் தெரியாது கிளேட்டன்! இத நான் நூறு தடவ பாத்திருக்கேன். பாத்துப் பாத்தே பாக்காம விட்டுட்டேன்."

வாசலில் பூட்ஸைத் தட்டிக்கொண்டிருந்த எல்வுட் எட்டிப் பார்த்தான். "சாகப் போற மனுஷனுக்குக் கை நடுங்காதா? நம்ம அப்பா கடைசில கோடுதான் இழுத்தாரு. அவருக்கு எழுதத் தெரியாதா என்ன?"

வெர்னாவுக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. "அப்ப வயசுக் காலத்துல போட்ட கையெழுத்து வேணும்," என்றாள்.

திங்கட்கிழமை ரெடிங் நீதிமன்றத்துப் பத்திரப் பிரிவு திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள். 1763-ல் யாக்கோப் நிலம் விற்ற பத்திரம் ஒன்று கிடைத்தது. அப்போது அவருக்கு முப்பத்து நாலு வயது. ஏர் பிடிக்கிற கை. அங்கேயும் ஏணிதான். நெட்டாக இரண்டு, குறுக்கே மூன்று. நடுக்கம் ஒரு இம்மியும் இல்லை.

அங்கிருந்து நேரே மாவட்ட நூலகம். கப்பலில் வந்த ஆண்கள் அத்தனை பேரும் பிலடெல்பியாவில் இங்கிலீஷ் ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் செய்து கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கையெழுத்துகளை அப்படியே படமெடுத்துப் போட்ட தடிப் புத்தகம் அங்கே இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அதில் யாக்கோப் கெம்மர்லிங் என்ற பெயரைக் கண்டு, குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் அவள். அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தாள். அழகான எழுத்து. அச்சடித்த மாதிரி. வாத்தியார் மகன்.

இந்த முறை அவள் புத்தகக் கடைசியில் இருந்த அகராதி வரிசைப் பெயர்ப் பட்டியலை நம்பவில்லை. அந்தக் கப்பலில் வந்த நூற்றுப் பதினாறு பேரையும் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எண்பத்தேழாவது வரியில் விரல் நின்றது. இங்கிலீஷ்கார எழுத்தர் தன் காதில் விழுந்தபடி "ஜேக்கப் காமர்லி" என்று எழுதி வைத்திருந்தார். பெயருக்கு நடுவே ஏணி.

ஒரே கப்பல், இரண்டு யாக்கோப்.

"அப்ப எழுதத் தெரிஞ்சவன் எங்க போனான்?" என்று கேட்டான் எல்வுட், மறுநாள் சாப்பிடும்போது. அன்றைக்கு உப்பு சரியாக இருந்தது.

"அதுதான் தெரியணும். நம்மாளு தப்பிச்சாச்சு. ஆனா அந்த அன்னா பார்பரா இன்னும் வாசல்லயே நிக்கிறா. நாளைக்கு பிலடெல்பியா போறோம். நீ வண்டி ஓட்டு."

"அந்த ஊர்ல மனுஷன் ஓட்டுவானா? போன தடவ ஒருத்தன் கண்ணாடிய இறக்கி என்னை என்னென்னமோ..."

"ஒன்பது மணிக்குக் கெளம்பறோம்."

பிலடெல்பியாவின் பழைய லூத்தரன் சபைப் பதிவேடுகள் ஒரு ஆவணக் காப்பகத்தில் படச்சுருளாக இருந்தன. வெர்னா இருட்டறையில் கைப்பிடியைச் சுற்றினாள். எல்வுட் பக்கத்து நாற்காலியில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கோயிலில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். 1751, செப்டம்பர், அக்டோபர். கப்பல்கள் வந்த மாதங்களில் அடக்கப் பக்கங்கள் நிரம்பி வழிந்தன. அவள் ஒவ்வொரு பெயராக வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

திடீரென்று தம்பியின் கையைப் பிடித்தாள்.

"வலிக்குது," என்றான் எல்வுட்.

"கேளு." அவள் திரையைப் பார்த்தபடியே, குரல் எழும்பாமல் சொன்னாள். "'அக்டோபர் பத்தொன்பது. யோஹான் யாக்கோப் கெம்மர்லிங், ரோட்டன்வைலர் ஊரான், வாத்தியார் மகன், வயது இருபத்தேழு. கப்பல் காய்ச்சல். ஊரில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். அடக்கத்துக்கு நின்றவன் அவன் சித்தப்பன் மகன். இருவருக்கும் ஒரே ஞானத் தகப்பன் என்பதால் ஒரே பெயர். இவனுக்கு எழுதத் தெரியாது. ஊருக்குச் சேதி எழுதும்படி அழுது கேட்டான். எழுதிக் கொடுத்தேன்.'"

எல்வுட் திரையை நோக்கிக் குனிந்து கேட்டான்: "அந்தக் கடுதாசி?"

"போய்ச் சேரல. கடல்ல போச்சோ, தரையில போச்சோ. சேந்திருந்தா அவ விதவைன்னாவது ஆகியிருப்பா." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அவர் யாரையும் விட்டுட்டு ஓடல எல்வுட். வந்து எறங்கி மூணு வாரத்துல செத்துட்டாரு. நம்மாளு கையாலதான் மண்ணு விழுந்திருக்கு."

வெளியே வந்ததும் இருவருக்கும் கொலைப்பசி. தெருமுனை வண்டிக் கடையில் நின்றபடியே ஆளுக்கு இரண்டு இறைச்சி ரொட்டி தின்றார்கள். நாள்கணக்கில் கல்லைக் கட்டிக்கொண்டு நடந்த மாதிரி இருந்த கால்கள் வெர்னாவுக்கு லேசாகிவிட்டிருந்தன. திரும்பும் வழியில் எல்வுட் இரண்டு தடவை தப்பான சாலையில் திரும்பினான். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் கிளேட்டனைக் கூப்பிட்டு, கல்லில் முதலில் சொன்னதையே கொத்தலாம் என்றாள். அவன் ஃபோனிலேயே விட்ட பெருமூச்சு எல்வுட்டுக்கும் கேட்டது.

"நான் அப்பவே சொன்னேன்ல, நம்மாளு தங்கம்னு!" என்றான் கிளேட்டன்.

"நீ கொளுத்தச் சொன்ன."

"அது வேற விஷயம்."

கெர்ட்ரூடுக்குக் கடிதம் எழுத வெர்னா காகிதத்தை எடுத்தாள். பிறகு கீழே வைத்துவிட்டாள். கடிதத்தை நம்பித்தானே ஒருத்தி இருபத்து மூன்று வருஷம் நின்றாள். ரோட்டன்வைலர் உறையின் மூலையில் ஃபோன் எண் இருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு, அங்கே மத்தியானம் சாப்பிட்டு முடிந்திருக்கும் என்று கணக்குப் பண்ணி, எண்ணைச் சுழற்றினாள். அதற்குள் எல்வுட் காப்பிக் கோப்பையோடு வந்து பக்கத்தில் நின்றுகொண்டான்.

எடுத்தவளின் குரல் விறைப்பாக இருந்தது. வெர்னா தன் பெயரைச் சொன்னாள். புத்தகத்து ஜெர்மனில் தட்டுத் தடுமாறி ஆரம்பித்தவள், பாதியிலேயே அதை விட்டுவிட்டு, வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினாள்.

"அம்மா, உங்க யாக்கோப் ஓடிப்போகல. செத்துப்போயிட்டாரு. வந்த மூணாவது வாரத்துல. போதகர் எழுதி வெச்சிருக்காரு. பொண்டாட்டி பிள்ளைங்க ஊர்ல இருக்காங்கன்னு அதுலயே எழுதியிருக்கு." பதிவேட்டில் இருந்ததை வரி தவறாமல் சொன்னாள். எங்கள் யாக்கோப் வேறு, அவர் சித்தப்பா மகன், எழுதத் தெரியாதவர், அழுது கேட்டார் என்று சொன்னாள்.

"நீங்க எங்க ஊர்ப் பேச்சுல பேசுறீங்க," என்றாள் கெர்ட்ரூட், மெல்ல.

"எனக்கு வேற பேச்சு தெரியாது."

"செத்துட்டாரா?"

"ஆமா."

"மூணு வாரத்துலயா? நிச்சயமாவா?"

"என் கண்ணால பாத்தேன். நகல் எடுத்து வெச்சிருக்கேன், அனுப்பறேன்."

கெர்ட்ரூட் மூக்கை உறிஞ்சினாள். "எங்க வீட்ல யாரு சொல்லாம வெளிய போனாலும், 'யாக்கோப் மாதிரி போறான் பாரு'ம்பாங்க. எங்கப்பா அந்தப் பேரையே யாருக்கும் வைக்க விடமாட்டாரு. எங்கக்கா புருஷன் விட்டுட்டுப் போனப்பகூட, நம்ம ரத்தத்துக்கு வந்த சாபம்னுதான் பேசினாங்க. நீங்க இருங்க, வெக்காதீங்க. எங்கக்கா எதிர்வீட்லதான் இருக்கா."

ஃபோனை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம், கதவு திறக்கும் சத்தம். அதற்கப்புறம், கடலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து, தபால் ஆபீசில் வேலை பார்த்த கிழவி தொண்டை கிழியக் கத்துவது வெர்னாவின் காதில் தெளிவாக விழுந்தது.

"அடியே ஹில்டா! ஜன்னலத் தொற! அவன் ஓடிப்போகலையாம்டி! செத்துட்டானாம்! நல்லவனாத்தான் செத்திருக்கான்!"

வெர்னா சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் வழிந்தது.

"என்ன கத்துறா?" என்றான் எல்வுட்.

அவள் ஃபோனை அவன் காதில் வைத்தாள். அங்கே இன்னொரு ஜன்னல் திறந்து, இன்னொரு கிழவியின் குரலும் சேர்ந்துகொண்டது. எல்வுட் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு சொல் விடாமல் புரிந்துகொண்டு, பல் தெரிய நின்று கேட்டான்.