மாமாவுக்குக் கேட்ட விசில்

எங்கள் குடியிருப்பில் எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு குக்கர்தான் அடுப்பில் ஏறும். அது மேல்மாடி கஸ்தூரி அக்கா வீட்டுக் குக்கர். மற்ற ஏழு வீட்டிலும் அரிசியைக் களைந்து, தண்ணீர் ஊற்றி மூடி வைத்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மூன்று விசில் காதில் விழுந்தால் சோறு வெந்துவிடும். கேஸ் மிச்சம். சங்கச் செயலாளர் தெய்வநாயகம் கண்ட வழி இது. தீக்குச்சியைக்கூட இரண்டாகக் கிழித்து வைத்திருக்கும் மனிதர்.

ஒரே ஒரு நிபந்தனை. கேட்டவருக்குத்தான் வேகும். விசில் நேரத்தில் போனில் பேசினால் அது அவரவர் தலையெழுத்து.

என் மாமனாருக்குச் சுத்தமாகக் காது கேட்காது. ஒரே பாத்திரத்துச் சோறு எங்கள் தட்டில் ஆவி பறக்க விழும். அவர் தட்டில் அரிசியாக விழும். காது மெஷின் வாங்கி மாட்டினோம். விசில் மெஷினுக்குத்தான் போய்ச் சேர்ந்தது, மெஷின் குழைந்துவிட்டது. அவருக்காகத் தனியாக அடுப்பு பற்றவைக்கலாமா என்று சங்கத்தில் கேட்டேன்.

"ஒருத்தருக்காக அடுப்பு மூட்டுனா சிக்கனத்துக்கு என்னம்மா மரியாதை? அவல் ஊறவச்சுக் குடு" என்றார் தெய்வநாயகம்.

மாமா மூன்று வேளையும் அவல் தின்றார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நாங்கள் சாப்பிடும்போது மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். அந்த முதுகைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் சாப்பிட்டேன்.

ஒரு மத்தியானம், கஸ்தூரி அக்கா இன்னும் குக்கரே வைக்கவில்லை, மாமா விரலை மடக்கி எண்ணினார்.

"மூணு ஆயிடுச்சு. எடுத்துப் போடும்மா."

எந்தக் குக்கர் என்று கையால் கேட்டேன்.

"உங்க அத்தைதான் வச்சிருக்கா. அவ குக்கர் எனக்குத் தெரியாதா? வெயிட்டு தேஞ்சது, இழுத்து இழுத்துத்தான் அடிக்கும்."

அத்தை காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. நான் பரிமாறினேன். மாமா தட்டில் பொலபொலவென்று சோறு. எங்கள் தட்டில் அரிசி. அவர் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கேஸே இல்லாமல் சோறு என்றதும் தெய்வநாயகம் செருப்புக்கூட மாட்டாமல் ஓடி வந்தார். கஸ்தூரி அக்கா அடுப்பும் அணைந்தது. இப்போது எட்டு வீட்டுப் பாத்திரமும் எங்கள் கூடத்தில் வரிசையாக இருக்கும். அத்தையின் விசில் மாமா ஒருவருக்குத்தான் கேட்கும் என்பதால், "இது உங்க சோறு மாமா" என்று சொல்லித்தான் ஒவ்வொருவரும் வைக்க வேண்டும். அவருக்குக் கேட்காது, பாத்திரத்துக்குக் கேட்டால் போதும். வெந்தபின் அவராக எடுத்துக் கொடுத்தால் அது விருந்தாளிக் கணக்கு. விருந்தாளிக்கு வேகாததைப் போட முடியாதல்லவா? தெய்வநாயகத்தின் பாத்திரத்தை மாமா கடைசியில்தான் தொடுவார்.

இன்று வெகுநேரமாகியும் மாமா விரலை மடக்கவில்லை. தெய்வநாயகம் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மாமா சுவரிலிருந்த காலண்டரைக் காட்டினார்.

"இன்னிக்குக் கிருத்திகை. அவளுக்கு விரதம். அடுப்பு பத்தவைக்க மாட்டா."

எட்டு வீட்டுக்கும் நான் அவல் ஊறவைத்தேன். தெய்வநாயகம் கிண்ணத்தை நீட்டி, கொஞ்சம் சர்க்கரை கிடைக்குமா என்று மாமாவிடம் கேட்டார்.

மாமாவுக்குக் காது கேட்கவில்லை.