பாலம் முடிவதற்குள் ஒரு பூசணி

பாலம் முடியும் தேதியை என் கணவர் ஒரு மாதிரி எண்ணுவார், நான் வேறு மாதிரி எண்ணுவேன். பாலம் கட்டும் இன்ஜினியரான அவருக்கு அது வேலை முடியும் நாள். எனக்கு வீடு காலி செய்யும் நாள். ஆற்றின் மேல் தளம் போட்டு, கைப்பிடிக்குப் பெயின்ட் அடித்ததும் நாங்கள் மூட்டை கட்டிவிடுவோம்.

மூன்று ஊர், மூன்று கொல்லை. முதல் ஊரில் கத்தரி பூத்த வாரம் லாரி வந்து நின்றது. அடுத்ததில் தக்காளி பச்சையாக இருந்தது. மூன்றாவதில் அவரை பந்தலில் ஏறியதோடு சரி. நான் நட்டதையெல்லாம் முகம் தெரியாத யாரோ பறித்துத் தின்றிருக்கிறார்கள். இந்த ஊரிலாவது ஒரே ஒரு காயை என் கையால் பறித்து என் அடுப்பில் வேகவைக்க வேண்டும் என்று பிடிவாதமாக ஒரு பூசணி விதையை ஊன்றினேன்.

கொடி மதிலேறியது. காய்தான் நிற்கவில்லை. பெண்பூவின் அடியில் கோலிக்குண்டு அளவில் பிஞ்சு இருக்கும். நாலாம் நாள் மஞ்சளாகி, தொட்டால் கழன்று விழும். ஆறு பிஞ்சு இப்படிப் போயிற்று. எரு போட்டேன், தண்ணீரைக் குறைத்தேன், கூட்டினேன், ஒரு நாள் கொடியைத் திட்டியும் பார்த்தேன். ஆண்பூவின் மகரந்தம் படாவிட்டால் பிஞ்சு இப்படித்தான் உதிரும் என்று தெரியும். ஆனால் எங்கள் கொடியில் ஆண்பூ ஒன்றுகூட விரியவில்லை.

பாலம் முடிய ஐம்பது நாள் இருந்தது. பூசணி முற்ற நாற்பத்தைந்து நாளாவது வேண்டும். ஏழாவது பெண்பூ விரிய வேண்டிய அன்று தூக்கம் பிடிக்காமல் விடியும்போதே கொல்லைக்குப் போனேன். கணவர் கொடிக்கு நடுவில் நின்று கத்தரியால் நறுக் நறுக்கென்று வெட்டிக்கொண்டிருந்தார். காலடியில் வாளி நிறைய மொட்டு.

“என்ன பண்றீங்க?”

“உனக்கு ஒத்தாசை. மூணு வாரமா தினமும் பண்றேன், நீ இன்னிக்குத்தான் பாக்குற.” அவர் முகத்தில் அத்தனை பெருமை. “பாரு, இந்த மொட்டு எதுக்கும் அடியில பிஞ்சே இல்ல. சும்மா நின்னு சத்தை உறிஞ்சுது. பாரம் தாங்காத கம்பி தூணுக்கு எதுக்கு?”

“இன்ஜினியர் சார், அதுதான் ஆண்பூ.”

“அதனால?”

“மாப்பிள்ளையை வெட்டி வாளியில போட்டுட்டு, பொண்ணு ஏன் வாடுதுன்னு கேக்குறீங்களே!”

“வெட்டினா காய் பெருசாகும்னு நீதானே சொன்ன?”

“அது தக்காளிக்கு! அதுவும் பக்கக்கிளையை!”

பெண்பூ மெல்ல வாய் திறந்துகொண்டிருந்தது. வெயில் ஏறினால் மூடிவிடும். வாளியில் இருந்ததெல்லாம் விரியாத மொட்டு. ஒன்றிலும் மகரந்தம் இல்லை. அவரை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அங்கே தையல்காரம்மாவும் பூசணி போட்டிருந்தார்.

“அக்கா, உங்க கொடியில ஒரு ஆண்பூ கிடைக்குமா?”

அவர் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத்தான் பேசினார். “மதில்மேல தொங்கினதையெல்லாம் காக்கா கொத்துதுன்னு நெனச்சேன். காக்கா கத்தரியால வெட்டுமான்னு சந்தேகமாவும் இருந்துச்சு.”

கணவர் வாளியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். “எங்க பக்கம் தொங்குச்சேன்னு… ஒத்தாசையா…”

“தம்பி, இனிமே யாருக்கும் ஒத்தாசை பண்ணாதீங்க.”

இருந்த ஒற்றை ஆண்பூவைப் பறித்துக் கொடுத்தார். நாங்கள் திரும்பியபோது பெண்பூவின் விளிம்பு சுருங்க ஆரம்பித்திருந்தது. ஆண்பூவின் இதழைப் பிய்த்துவிட்டு, மகரந்தம் ஒட்டியிருந்த நடுத்தண்டைப் பெண்பூவின் உள்ளே தடவினேன்.

“நான் ஏதாவது…”

“கையைக் கட்டிட்டு நில்லுங்க.”

நாலாம் நாள் பிஞ்சு மஞ்சளாகவில்லை. எலுமிச்சை அளவானது, பிறகு தேங்காய் அளவு. நான் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்த சமயத்தில் பாலம் இருபது நாள் முன்னதாகவே முடிந்துவிட்டது. அதற்குக் கிடைத்த பாராட்டுக் கடிதத்தை அவர் சிரித்துக்கொண்டே நீட்டினார். அதை அப்படியே கிழித்துப் போடலாம் போல இருந்தது.

லாரி வந்த அன்று பூசணியின் தோலில் நகம் சுலபமாக இறங்கியது. உள்ளே வெறும் தண்ணீராகத்தான் இருக்கும்.

“இப்பவே பறிச்சு எடுத்துக்கோயேன்.”

“பிஞ்சையா?”

“சரி விடு, அங்க போய் வேற விதை போடலாம்.”

மூன்று ஊரிலும் இதையேதான் சொல்லியிருந்தார். நான் லாரியில் ஏறி ஸ்டவ்வை இறக்கினேன். ஒரு சட்டி, பாய், அரிசி டப்பா.

“என்ன இறக்குற?”

“நீங்க போங்க. நான் அப்புறம் வரேன்.”

“அப்புறம்னா?”

“காய் முத்திக் காம்பு காஞ்சதும். மாசக் கடைசி வரைக்கும் வீடு நம்மதுதானே.”

“பூசணிக்காயா, நானா?”

“இன்னிக்குப் பூசணிக்காய்.”

லாரி டிரைவர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். கணவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

இருந்த ஆத்திரத்தில் தட்டை இறக்க மறந்துவிட்டேன். அது மத்தியானம்தான் தெரிந்தது. சட்டியைக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போய், காய்க்கு எதிரே உட்கார்ந்து, வெறும் சோற்றைச் சட்டியோடு சாப்பிட்டேன்.