ஷட்டரை இறக்கியவன்

மேல்முறையீட்டில் புதிதாக எதுவும் சொல்ல முடியாதாம். கீழ்க்கோர்ட்டில் பேசி எழுதி வைத்ததைத்தான் திரும்பப் படிப்பார்களாம். வக்கீல்தான் இதைச் சொன்னார். நான் பேசியதும் அதில் இருக்கிறதே.

கிடங்கு சூப்பர்வைசரைக் கம்பியால் அடித்துக் கொன்றது இரண்டு பேர். மூன்றாவது குற்றவாளி, அதே கிடங்கில் வேலை பார்த்த என் தம்பி. அவன் யாரையும் தொடவில்லை. ஆறு மணிக்கு இறக்க வேண்டிய ஷட்டரைக் கால் மணி முன்னாலேயே வெளியிலிருந்து இறக்கிவிட்டான். உள்ளே அடிபட்டவர் ஓடி வர வழியில்லாமல் போயிற்று.

"சாரல் அடிச்சுது, பெட்டியெல்லாம் நனையுமேன்னு நானாத்தான் இறக்கினேன்" என்று கோர்ட்டில் சொன்னான்.

அவனுக்காகச் சாட்சி சொல்ல ஏறினேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் அவனைப் பற்றி அளக்கிற பெருமையை அங்கேயும் அளந்தேன்.

"அவனுக்குச் சூதுவாது தெரியாதுங்க. யாராவது சொன்னாத்தான் எதையும் செய்வான். தானா ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டான்."

அப்படியானால் அந்த இருவர் சொல்லித்தான் இறக்கியிருக்கிறான், மூவரும் கூடிப் பேசிச் செய்த கொலை என்று தீர்ப்பில் எழுதி, மூவருக்கும் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் நான்.

மேல்முறையீட்டில் வக்கீல் சாரலைப் பற்றி நன்றாகவே பேசினார். நீதிபதி ஒரு பக்கத்தைப் புரட்டி, நான் சொன்னதை நிதானமாகப் படித்தார். "சொந்த அக்காவே சொல்கிறாரே" என்றார். நான் எழுந்தேன். காவலர் உட்காரச் சொல்லிக் கை காட்டினார். உட்கார்ந்தேன். அழுகை வருமென்று கைக்குட்டை கொண்டு போயிருந்தேன். வரவில்லை. லாண்டரியில் இஸ்திரி போடுகிற கை, அதை நாலாக மடித்தது, பிரித்தது, மறுபடி மடித்தது.

மூன்று வாரம் கழித்துத் தள்ளுபடி செய்தார்கள். சிறையில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து போனில் அவனிடம் சொன்னேன். என்னால்தான் என்பதையும் சொன்னேன்.

"பரவால்லக்கா. நீ நல்லதுக்குத்தானே சொன்னே."

"நீயாத்தானேடா இறக்கினே?"

"ஆமாக்கா. அன்னிக்கு ஒரு நாள்தான்."

பிறகு, சின்ன வயதிலிருந்து கேட்கிற மாதிரியே கேட்டான்.

"இப்ப நான் என்னக்கா பண்ணட்டும்?"

முப்பத்தொரு வருஷமாக அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. நேரம் முடிந்துவிட்டது, எழுந்திரு என்று வார்டர் சொன்னார். உடனே எழுந்து போனான்.