கைபடாத காசு

அப்பாவின் கண்களைக் கையுறையோடுதான் மூடிவிட்டாள். கடைசி மூச்சிலும் காசுப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லியிருந்தார். அவள் காட்டிக்கொண்டிருந்தபோதே போய்விட்டார்.

"பாப்பா, முதல்ல அந்தக் கையுறையக் கழட்டு. பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?" என்றான் அண்ணன்.

நாற்பத்திரண்டு வயதிலும் அந்த வீட்டில் அவள் பாப்பாதான்.

அப்பா பழங்காசு சேர்ப்பவர். வெறும் விரல் பட்டால் பளபளப்பு செத்துவிடும், தரம் இறங்கிவிடும் என்பார். அவளுக்கு வந்த மாப்பிள்ளைகளையும் அப்படித்தான் பார்த்தார். ஒருத்தன் மங்கல், இன்னொருத்தன் கீறல். "கிளிய வளர்த்துப் பூனை கையில குடுக்கவா?" என்பார். பூனைகளெல்லாம் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டன. வேலைக்குப் போகிறேன் என்றபோதும் அதே பதில்தான். கிளி, பெட்டிகளுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தது. பாவி மனுஷன், கெட்டவரும் இல்லை, அதுதான் கொடுமை.

அடக்கம் முடிந்து திரும்பியதும், அப்பாவின் சிநேகிதரான காசு வியாபாரி அலமாரியைத் திறந்தார். கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் மூடிவைத்திருந்த ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அவள் பிறந்த வருஷத்துக் காசு.

"வெள்ளியா மாமா?" என்றாள்.

"வெள்ளியாவது ஒண்ணாவது! செம்பும் நிக்கலும் கலந்தது. இத்தனை வருஷம் புழங்காம இருக்குல்ல, அதுக்குத்தாம்மா மதிப்பு."

"கை பட்டா?"

"பட்டா பஸ் டிக்கெட்டுக்குத்தான் ஆகும்."

"எதையும் விக்கிறதா இல்ல மாமா," என்றான் அண்ணன். "அப்பா வச்ச மாதிரியே எல்லாம் இருக்கட்டும். பாப்பா பாத்துக்குவா. அவளுக்கு வேற எங்க போக்கிடம்?"

அவளை யாரும் கேட்கவில்லை. அப்பாவுக்குப் பிறகு கதவு திறக்கும் என்று அவள் நினைத்ததுண்டு. அப்படி நினைத்ததற்காக அழுததும் உண்டு. அண்ணன் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தான்.

இருவரும் வாசலுக்குப் போனதும், கதவிடுக்கில் வைத்து அந்த உறையை நெரித்தாள். காசு உள்ளங்கையில் விழுந்தது. கட்டைவிரலால் தேய்த்தாள், ஆசை தீரத் தேய்த்தாள். சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"எங்க பாப்பா?"

"வெளிய."

"வெளியன்னா?"

அவள் நிற்கவில்லை.

பஸ்ஸில் கண்டக்டர் கை நீட்டினார்.

"எங்கம்மா?"

"கடைசி ஸ்டாப்."

பர்ஸிலிருந்த சில்லறையோடு அதையும் சேர்த்துக் கொடுத்தாள். அவர் அதைத் தனியே எடுத்துப் பார்த்தார்.

"என்னம்மா, இன்னிக்குத்தான் அடிச்ச மாதிரி இருக்கு!"

"எனக்கும் அதுக்கும் ஒரே வயசு."

அவர் சிரித்துக்கொண்டே அதைத் தோல்பைக்குள் போட்டார். பையை ஒருதரம் குலுக்கிவிட்டு, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.