ஓடாமல் நின்றவள்

பாண்டிச்செல்விக்குக் கிடைத்தது ஒரே ஒரு வசனம். "சார், கொலகாரன் இவன்தான் சார்!" அதை அவள் நாரணாபுரம் முழுக்கச் சொல்லிக் காட்டிவிட்டாள். குழாயடியில் சொன்னாள், பஸ்ஸில் சொன்னாள், பட்டாசுக் கம்பெனியில் திரி செருகிக்கொண்டே சொன்னாள். எத்தனையோ வருஷம் அடுத்தவர்கள் பேசியதைக் கேட்டே காலம் ஓட்டியவளுக்கு, ஊரே தன் வாயைப் பார்க்கும்படி ஒரு வரி பேசிவிட வேண்டும் என்று அப்படி ஓர் ஆசை.

2004-ல் செவ்வாய்க்கிழமைதோறும் ஊர் உலகமே டிவியில் பார்த்த துப்பறியும் தொடர் அது. கொலையாளி யார் என்று சொல்லும் முன்னால் துப்பறிகிறவர் தீக்குச்சி உரசி சிகரெட் பற்றவைப்பார். அந்தச் சத்தம் கேட்டால் வீட்டுக்கு வீடு பேச்சு நின்றுவிடும். கடைசிக் கதை பட்டாசுக் கம்பெனிக் கொலை. டைரக்டர் கனகசபாபதி காலியாகக் கிடந்த அச்சகக் கொட்டகை ஒன்றைப் பிடித்தார். தரையில் வெடிமருந்து மாதிரி கரித்தூளைக் கொட்டி, 'தீப்பெட்டி, பீடி கூடாது' என்று போர்டும் மாட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஜத் தொழிலாளிகள் நாற்பது பேரைக் கூட்டி வந்து நிறுத்தினார்.

துப்பறிகிறவர் குச்சியை உரசினார். மறுநொடி கொட்டகைக்குள் அவரும் கேமராக்காரர்களும்தான் இருந்தார்கள். நாற்பது பேரும் வெளியே வேப்பமரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா இது? வெறும் அடுப்புக்கரிம்மா!" என்றார் டைரக்டர்.

"எங்களுக்குத் தெரியுது சார்," என்றாள் பாண்டிச்செல்வி. "காலுக்குத் தெரியமாட்டேங்குது."

வீட்டில் தினமும் குச்சி கிழித்து அடுப்பு மூட்டுகிறவள்தான். ஆனால் கொட்டகைக்குள் அந்தச் சத்தம் கேட்டால் கால் அவள் சொல்வதைக் கேட்காது. அவளுடைய அக்கா ஒருநாள் வெடிமருந்து ரூமில், என்ன சத்தம் என்று நின்று திரும்பிப் பார்த்தாள். அத்தோடு சரி.

ஏழு தடவை எடுத்தார்கள், ஏழு தடவையும் ஓடினார்கள். கனகசபாபதிக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னொரு தரம் ஓடினா உன் வசனத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்."

எட்டாவது தடவை பாண்டிச்செல்வி முந்தானையைத் தூணோடு சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள். குச்சி உரசியது. முப்பத்தொன்பது பேர் பறந்தார்கள். அவள் மட்டும் நின்றாள். உடம்பெல்லாம் வேர்த்து, அக்கா முகம் கண்ணில் வந்து நிற்க, வசனத்துக்கு வாயைத் திறந்தாள்.

"கட்!" டைரக்டர் துள்ளிக் குதித்தார். "இதான்யா கிளைமாக்ஸ்! ஊரே ஓடுது, ஒருத்தி மட்டும் நிக்கிறா. அப்ப கொலகாரி யாரு?"

"யாரு சார்?" என்று கேட்டாள், பாவம்.

ஒளிபரப்பான அன்று தெருவே ஒரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. "தீக்குச்சி சத்தத்துக்கு ஓடாதவ இந்த ஊர்க்காரியா இருக்க முடியாது," என்றார் துப்பறிகிறவர். கேமரா பாண்டிச்செல்வியின் முகத்துக்கு வந்தது. தெருவும் அவளைத் திரும்பிப் பார்த்தது. "ஆமா, நான்தான்," என்று டிவியில் அவள் சொன்ன குரல்கூட யாரோ பட்டணத்துக்காரியுடையது. ஒருத்தி மட்டும் நிற்கிற அந்த யோசனை குளிக்கும்போது தனக்குத் தோன்றியது என்று கனகசபாபதி ஒரு பத்திரிகையில் பேட்டி கொடுத்தார்.

மறுநாள் காலை கம்பெனி கேட்டில் போர்மேன் முனியராஜ் அவளை மறித்தார்.

"நீ இனிமே லேபிள் ஒட்டப் போ தாயி. மருந்து ரூமுக்கு வேண்டாம்."

"அண்ணாச்சி, அது நடிப்பு!"

"நடிப்போ என்னமோ. குச்சி கிழிச்சும் நின்னிருக்கியே. ஓடாத ஆள உள்ள விட எனக்குப் பயமா இருக்கு."

பதினாறு வயதிலிருந்து அவள் இருந்த இடம் அது. ஒரே ஒரு நாள் நின்றதற்கு ஊரும் போய், பழகிய வேலையும் போயிற்று.

அந்நேரம் லோடு ஏற்ற வந்த வெளியூர் லாரி டிரைவர் ஒருவன், கேட்டுக்கு உள்ளேயே நின்று, பீடியைப் பல்லில் கடித்துக்கொண்டு தீக்குச்சியை உரசினான்.

முனியராஜ் பாய்ந்து குச்சியைப் பிடுங்கி மிதித்துவிட்டு நிமிர்ந்தார். எதிரே பாண்டிச்செல்வியைக் காணோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஓடிய தொழிலாளிகள் எல்லோருக்கும் முன்னால், செருப்புகூட இல்லாமல் நின்றிருந்தாள்.

"உள்ள வா தாயி," என்றார் முனியராஜ். "மருந்து ரூமுக்கே போ."

அவள் அசையவில்லை. மூச்சு வாங்கியபடி டிரைவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். சொந்தக் குரலில், ஊரே கேட்கக் கத்தினாள்.

"சார், கொலகாரன் இவன்தான் சார்!"