அந்த ‘நாங்க’ யாரு?

1

இந்தக் கதையின் முதல் வரி என்னுடையது இல்லை. டவுன்ஷிப் பஸ்ஸில் ஒட்டுக்கேட்டது. டிராக் பேன்ட் போட்ட ஒரு பெண், பதின்மூன்று பதினாலு இருக்கும், எனக்கு முன் சீட்டில் தனியாக உட்கார்ந்து போனில் சொன்னாள்: “நாங்க நாளைக்கு ஓடலப்பா.”

பக்கத்தில் ஆளே இல்லை. அப்புறம் என்ன ‘நாங்க’? ‘நான்’ என்றால் அடம் என்று விட்டுவிடலாம். ‘நாம’ என்றால் அப்பாவும் சேர்த்தி. ‘நாங்க’ என்றால் கூட யாரோ இருக்கிறார்கள். அப்பா இல்லை.

அவள் இறங்கிப் போய்விட்டாள். நான்தான் கிருஷ்ணப்ரியா என்று பெயர் வைத்தேன். போனின் அந்தப் பக்கம் இருந்த அப்பாவுக்குச் செந்தில்நாதன். நாளைக்கு மாவட்ட அணித் தேர்வு, நானூறு மீட்டர் ஓட்டம்.

2

முதல் ஷிஃப்ட் முடிந்து, கரி படிந்த முகத்தோடு மைன்ஸ் கேட்டைத் தாண்டிய செந்தில்நாதன் —

(அடித்துவிட்டேன். கரி முகத்தோடு கொண்டுவந்தால் உடனே அவன்மேல் இரக்கப்பட்டுவிடுவீர்கள். அவசரப்பட வேண்டாம்.)

மறுபடி. செந்தில்நாதனுக்கு அந்த ‘நாங்க’ காதில் எறும்பு புகுந்த மாதிரி குடைந்தது. யார் அது? வடக்குத்து கிராமத்துப் பெண் தமிழ்மொழியா? இவளோடு ஓடுகிறவள், இவளை முந்தக் கூடிய ஒரே ஆள். போன வாரம் கடைசி வளைவில் ப்ரியா ஏன் திரும்பிப் பார்த்தாள்? வீட்டில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டுகிறவள், கிரவுண்டில் அந்தப் பெண்ணோடு மட்டும் எப்படிச் சிரிக்கிறாள்? இரண்டும் பேசி வைத்துக்கொண்டு...

வண்டியை நேராக ஸ்டேடியத்துக்கு விட்டான்.

3

“ஏம்மா, நாளைக்கு ஓடுறியா?” கிரவுண்டில் தமிழ்மொழியை நிறுத்திக் கேட்டான்.

“ஓடாம? எங்கம்மா காலையிலேர்ந்து சாமி கும்பிட்டுகினு இருக்குது சார்.”

“ப்ரியா வரலன்னா ஒனக்கு வசதிதான்.”

“அவ இல்லாம ஜெயிச்சா அதுல இன்னா சார் இருக்குது? அவ முட்டி வீங்கிக் கெடக்குதே, வூட்ல சொல்லலியா?”

(இந்தப் பெண்ணை நான் முழுசாக நம்பவில்லை. பதில் இவ்வளவு சுத்தமாக வந்தால் யாரோ சொல்லிக் கொடுத்ததாக இருக்கும். எழுதுகிற நானாகவும் இருக்கலாம்.)

4

குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தான்.

“யாருடி அந்த நாங்க? தமிழ்மொழி இல்லையாம், கேட்டுட்டேன். வேற யாரு?”

ப்ரியா கட்டிலில் காலை நீட்டியபடி சுவரைப் பார்த்தாள்.

“போன வருஷம் நாம ஃபர்ஸ்ட் வந்தோமே, அப்ப வலிக்கல?”

“நாமளா? ஓடுனது அவ.”

குரல் சமையலறையிலிருந்து வந்தது. அம்மா உமாராணி. காபி கொண்டு வருவதற்காக மட்டும்தான் அவளை இந்தக் கதைக்குள் விட்டிருந்தேன். இந்த வரி என் உத்தேசத்தில் இல்லை.

“நீ சும்மா இரு உமா.”

“நான்தாங்க.”

“என்ன நான்தான்?”

“அந்த நாங்க. அவளும் நானும். முட்டியில நீர் கோத்திருக்காம், ஒரு மாசத்துக்கு ஓடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“எப்படி எனக்குத் தெரியாம ஆஸ்பத்திரிக்குப் போனீங்க?”

“ஒங்க ஷிஃப்ட் பாத்துதான் போனோம். சொன்னா நடிப்பும்பீங்க.”

5

தமிழ்மொழி ஜெயிப்பதாக ஒரு முடிவு எழுதினேன். ப்ரியா பாதியில் மடங்கி விழுவதாக இன்னொன்று. இரண்டையும் கிழித்தேன். நாளைக்கு ஸ்டேடியத்தில் எதுவும் தீரப்போவதில்லை, இந்த அறையில் தீர வேண்டியது. மிச்சம் ஒரே வரி.

செந்தில்நாதன் சொன்னான்: “அப்ப நான் யாரு?”

அவன் இதைக் கத்தியிருந்தால், விடியற்காலை வண்டி கிளம்பும். ப்ரியா ஓடுவாள், அந்த முட்டியோடு. குரல் இறங்கிச் சொல்லியிருந்தால், கட்டிலோரம் வந்து உட்கார்ந்து அந்தக் காலைத் தொட்டுப் பார்ப்பான். எனக்கு இரண்டு விதமாகவும் கேட்கிறது. கேள்விக்குறி எதையும் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்கிறது.

நீங்கள் அந்த வரியை எந்தக் குரலில் வாசித்தீர்கள்?

இப்போது நல்லவராக மாற்றி வாசிக்காதீர்கள். நான் கேட்பது, முதல் தடவை.